மோவாய் துடித்தால் அழுகை என்று நினைக்காதீர்கள்

குழந்தையின் கீழுதட்டுக்குக் கீழே தோல் சுருங்கிச் சிறு சிறு குழிகள் விழும், மோவாய் படபடவென்று துடிக்கும், சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் உடனே "ஏன் அழப்போறே?" என்பார்கள். முதல் தவறு இதுதான்.

ஜீனியோஸ்பாசம் என்ற இந்த அரிய பரம்பரைக் கோளாறில், மோவாயிலுள்ள மென்டாலிஸ் தசை தானாகவே துடிக்கிறது. பதற்றமும் ஆழ்ந்த கவனமும் அதைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது வரும். "அடக்கிக்கோ" என்று அதட்டினால் பதற்றம் கூடும், துடிப்பும் கூடும். குழந்தையைக் கோழை என்று சொல்வது பெரும் அநியாயம். பள்ளியில் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேலியில் பாதி அதிலேயே குறையும்.

வலிப்பு என்று முடிவு கட்டி மாத்திரை தொடங்குவது அடுத்த தவறு. துடிக்கும்போதும் குழந்தைக்கு நினைவு தெளிவாக இருக்கும், கூப்பிட்டால் திரும்பும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி பரிசோதனையும் இயல்பாகவே இருக்கும். அதற்காக எல்லாத் துடிப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. கண் ஒரு பக்கம் சொருகினாலோ, கைகால் வெட்டினாலோ, பச்சிளங்குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்திருக்கலாம். நடுவயதில் புதிதாக வரும் மோவாய் நடுக்கத்துக்கும் பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) உட்பட வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துப் பெரியவர்களிடம் விசாரிக்காமல் விடுவதுதான் நிறையப் பேர் செய்வது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. வயதாக ஆகத் துடிப்பு பெரும்பாலும் குறைவதால் தாத்தாவுக்கு இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. 1997இல் ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தில் இந்தக் கோளாறுக்கு, மரபணுக்களைத் தாங்கும் 9ஆம் குரோமோசோமோடு தொடர்பு தெரிந்தது. மற்ற சில குடும்பங்களில் அது பொருந்தவில்லை. ஆகவே மரபணுச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். துடிக்கும்போது போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், அது நன்றாகவே உதவும். சிலர் தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு; காலையில் நாக்கில் காயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தொந்தரவு இல்லையென்றால் சிகிச்சையே வேண்டியதில்லை. தேவைப்பட்டால் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி நல்ல பலன் தரும், சுமார் 3 மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். முகச்சுருக்கத்துக்குப் போடுகிறவரிடமே இதற்கும் போட்டுக்கொள்ளலாம் என்று போய்விடாதீர்கள். ஊசி இடம் தவறினால் கீழுதடு தொங்கி எச்சில் வழியலாம். அசைவுக் கோளாறுகளுக்கு ஊசி போட்டுப் பழகிய மருத்துவரையே தேடுங்கள்.