என்.சி.ஆர். தீர்ப்புக்குப் பிறகு என்ன செய்வது? ஒன்ராறியோவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"குற்றவாளி இல்லையாம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கோர்ட்டை விட்டு வெளியே வரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்வோம். கனடாவின் குற்றவியல் கோவை 16ஆம் பிரிவின்படி, மனநோயின் பிடியில், தான் செய்வது என்னவென்றோ அது பிழையென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்திருந்தால், கிடைக்கும் தீர்ப்பு என்.சி.ஆர். (Not Criminally Responsible, அதாவது மனநோயால் குற்றப் பொறுப்பு இல்லை). அது தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. "அவர்தான் செய்தார்" என்பது அதில் உறுதியாகிவிடுகிறது. அதன்பின் அவருடைய விஷயம், இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் மீளாய்வுச் சபையான ஒன்ராறியோ றிவியூ போர்ட் கைக்குப் போகும். மருத்துவமனையில் தடுத்து வைப்பது, நிபந்தனையோடு வெளியே விடுவது, முழுதாக விடுவிப்பது என்ற மூன்றில் ஒன்றை அது தேர்ந்தெடுக்கும். இத்தனை வருடம் என்ற கணக்குக் கிடையாது.

இனி உங்கள் பக்கம். உங்களுக்கு உரிமைகள் உண்டு. ஆனால் அறிவித்தல் கேட்டால்தான் வரும். கேட்காமல் இருந்தால், போர்ட் கூடியதே தெரியாமல் போகலாம்.

படி 1: சரியான கதவைத் தட்டுங்கள்

பலர் சிறைத் திணைக்களத்திலும் பரோல் போர்டிலும் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தப் பதிவு தண்டனை பெற்றவர்களுக்கானது, என்.சி.ஆர். ஆளைப் பற்றி அங்கிருந்து ஒரு கடிதமும் வராது. வழக்கு நடந்த கோர்ட்டிலேயே விக்டிம் விற்னஸ் அசிஸ்ரன்ஸ் புரோகிராம் (பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவும் திட்டம்) அலுவலகத்துக்குப் போங்கள். வழக்கு எண், தீர்ப்புத் திகதி, அரச தரப்புச் சட்டத்தரணியின் பெயர், ஆளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லையென்றால் கணவன், மனைவி, உறவினர் அவர் சார்பில் இதையெல்லாம் செய்யலாம்.

படி 2: எழுத்தில் கேளுங்கள்

கடிதம் ஒன்ராறியோ றிவியூ போர்டுக்கு. நீண்டதாக வேண்டாம். ஆங்கிலத்தில் இவ்வளவு போதும்: "நான் இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர். இவர் தொடர்பான ஒவ்வொரு விசாரணைக்கும் எனக்கு அறிவித்தல் வேண்டும். நிபந்தனையோடோ முழுதாகவோ விடுவிக்கப்பட்டால் அதையும், எங்கே வசிக்கப்போகிறார் என்பதையும் அறிவிக்கவும்." கீழே விலாசம், தொலைபேசி, கையெழுத்து. ஒரு பிரதியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிந்த வேண்டாம். கோர்ட் தானே முடிவெடுக்காமல் விட்டால் போர்ட் 45 நாளுக்குள் கூட வேண்டும். கோர்ட் முடிவெடுத்திருந்தால் 90 நாளுக்குள். தீர்ப்பு வந்த கிழமையே கடிதம் போவது நல்லது.

படி 3: பாதிப்பு அறிக்கை

உங்களுக்கு நடந்ததை நீங்களே எழுதி போர்டுக்குக் கொடுக்கும் அறிக்கை (Victim Impact Statement) இது. ஆட்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா குசினி மேசையில் இருந்து எழுதிய முதல் வரி, "அவனை வெளியில விடவே கூடாது." மனம் விளங்குகிறது. ஆனால் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று போர்ட்டின் அனுமதி இல்லாமல் அறிக்கையில் எழுத முடியாது. நிரூபிக்கப்படாத பழைய சண்டைகளும், பொலிஸ் மேல் உள்ள கோபமும் அதில் வரவே கூடாது. எழுத வேண்டியது உங்களுக்கு நடந்த கேடு: உடம்பு, மனம், காசு, பொருள்.

அந்த வரியை வெட்டிவிட்டு அவ எழுதியது இது: "பின்கதவுப் பூட்டை இரவில் மூன்று முறை எழும்பிப் பார்க்கிறேன். இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டேன். மகன் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற மறுக்கிறான்." முதல் வரியைவிட இது எத்தனையோ மடங்கு கனமானது என்பது என் அபிப்பிராயம். "பைத்தியம்" என்ற சொல்லையும் தவிருங்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தொடுவதில்லை. அந்தச் சொல்லால் உங்கள் அறிக்கைக்கும் பலம் கூடாது.

ஒன்று நினைவிருக்கட்டும்: அறிக்கையின் பிரதி மற்றத் தரப்புக்கும் போகும். புது விலாசத்தையோ வேலையிடத்தையோ அதற்குள் எழுதாதீர்கள்.

படி 4: விசாரணை நாள்

அறிக்கையை நீங்களே வாசிக்கலாம். முடியாவிட்டால் வேறு விதமாக முன்வைக்கக் கேட்கலாம். உங்களோடு தொடர்புகொள்ளக் கூடாது, இன்ன இடத்துக்கு வரக் கூடாது என்ற நிபந்தனைகள் தேவையா என்று போர்ட் யோசித்தே ஆக வேண்டும், அது சட்டம். ஆகவே எந்தத் தெரு, எந்தக் கோவில், எந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்கு முக்கியம் என்று அரச சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வெளியே விடும் கட்டத்தில் இது பெரிதாக உதவும்.

படி 5: வருடா வருடம்

போர்ட் பொதுவாக 12 மாதத்துக்கு ஒருமுறை கூடும். 2014 திருத்தத்துக்குப் பிறகு "அதிக ஆபத்து" என்று கோர்ட் குறித்தவர்களுக்கு இடைவெளி 36 மாதம் வரை நீளலாம். வீடு மாறினால் கார் இன்சூரன்ஸுக்குச் சொல்லும் அதே நாளில் போர்டுக்கும் எழுதிவிடுங்கள்.

முழு விடுதலை கிடைத்தால் நிபந்தனைகள் எல்லாம் விழுந்துவிடும். 2008இல் மனிடோபாவில் பஸ்ஸில் நடந்த கொலை பலருக்கு நினைவிருக்கும். அதைச் செய்தவருக்கு 2017 பெப்ரவரியில் முழு விடுதலை கிடைத்தது. முழு விடுதலை பற்றிய அறிவித்தல்தான் போர்ட் அனுப்பும் கடைசி அறிவித்தல், அதன் பிறகு போர்டுக்கு அதிகாரம் இல்லை. அப்போதும் பயப்பட நியாயமான காரணம் இருந்தால் பொலிஸிடமோ, சமாதான நீதவானிடமோ போய் 'பீஸ் பொண்ட்' (அவர் அமைதி காக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் கோர்ட் உத்தரவு) கேளுங்கள். இதுவரை சேர்த்த கடிதப் பிரதிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.