கையுறையை ஆணியில் மாட்டாதீர்கள்: பாய்சன் ஐவி படுத்தும் பாடு

ஞாயிற்றுக்கிழமை காலை காபி கூட இறங்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு முழங்கை வந்து நின்றது. சிவந்த கோடு. கோட்டின் மேல் கம்பு மணியைக் கோத்தது போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கீழே ஒரு வரி: "அண்ணே, இது என்ன கொசுண்ணே?"

கொசு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கடிக்காது தம்பி. பாய்சன் ஐவி என்கிற, தோலைத் தடிக்க வைக்கும் அமெரிக்கக் கொடியின் இலை உரசிய தடம் அது.

நியூஜெர்சியில் முதல் வீடு வாங்கி, முதல் கோடையில் கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கும் நம்மவர்களிடமிருந்து மே மாதம் தொடங்கி எனக்கு இப்படிக் கையும் காலும் கழுத்துமாக வந்துகொண்டே இருக்கும். பார்க்கும்போது சிரிப்பு வராது. நான் செய்த அதே முட்டாள்தனங்கள், அதே வரிசையில். மூன்று இலைக் கொத்தைத் தொடாதே, முழுக்கைச் சட்டை போடு என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"இதெல்லாம் நம்ம ஊர்ல கிடையாது"

கொடி கிடையாது. அதன் சொந்தக்காரர்கள் உண்டு. நான் பண்ருட்டிப் பக்கம். முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடித்துவிட்டு உதடு வெந்து போன பையன் எங்கள் தெருவுக்கு ஒருவன் இருப்பான். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாவது, சேராங்கொட்டை பட்டு உடம்பு தடிப்பது எல்லாம் ஒரே குடும்பத்து வேலை. முந்திரி, மா, சேராங்கொட்டை, பாய்சன் ஐவி நான்கும் தாவரவியலில் பங்காளிகள். அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போட்டது சேராங்கொட்டைச் சாற்றில்தான். அந்தக் குறி கழுத்தில் உரசித் தோல் வெடித்தவர்கள் உண்டு.

பாய்சன் ஐவியில் இருக்கும் எண்ணெய்க்கு உருஷியோல் என்று பெயர். ஜப்பானில் மரச்சாமான்களுக்குப் பூசும் அரக்குக்கு 'உருஷி' என்பார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. முந்திரித்தோல் எண்ணெயும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒன்றில் அடிபட்ட தோல் இன்னொன்றையும் அடையாளம் கண்டுகொள்ளும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

"போன வருஷம் பிடுங்கினேன், ஒண்ணும் ஆகலை"

ஆகாது. இது அமிலம் பட்டு வேகிற மாதிரியான புண் கிடையாது, ஒவ்வாமை. முதல் தடவை உடம்பு எதிரியின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தடிப்பு வந்தாலும் ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம் கூடக் கழித்து வரும். அதற்குள் கொடியைத் தொட்டதே மறந்துபோயிருக்கும். அடுத்த தடவை ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும். நூற்றில் ஏறக்குறைய 85 பேருக்கு இது ஒத்துக்கொள்ளாது. மீதி 15-இல் நாம் இருப்போம் என்று எல்லோருமே நினைக்கிறோம்.

பலாப்பால் என்று நினைத்துத் தேயுங்கள்

"உடனே கழுவிட்டேண்ணே" என்பார்கள். எப்படி என்று கேட்டால், குழாயில் கையைக் காட்டியிருப்பார்கள். பலாப்பழம் அரிந்த கையைத் தண்ணீரில் காட்டினால் போகுமா? இதுவும் பிசின் மாதிரித்தான், ஒரே வித்தியாசம், பலாப்பால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. ஆகையால் பால் அப்பியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு, பாத்திரம் துலக்கும் சோப்பு, துவாலைத் துண்டு, குளிர்ந்த தண்ணீர் என்று விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். அதுவும் பத்து நிமிடத்துக்குள். அரைமணி நேரம் போனால் பெரும்பகுதி தோலோடு ஒட்டிக்கொண்டுவிடும். தாமதமானாலும் கழுவுவது வீணில்லை, மேலே மிச்சமிருப்பது போகும்.

பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பழகிய கை இங்கேயும் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடும். வேண்டாம். எண்ணெய் எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும்.

கடையில் டெக்னு என்று ஒரு திரவம் கிடைக்கிறது. 1960-களில், அணுகுண்டு விழுந்தால் தோலில் படியும் கதிரியக்கத் தூசியைக் கழுவுவதற்காகச் செய்தார்களாம். குண்டு விழவில்லை, கொடிக்குப் பயன்பட்டது. நல்ல சாமான்தான். ஆனால் அதுவும் தேய்த்தால்தான் வேலை செய்யும்.

கையுறை

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு எரிகிறது.

வீடு வாங்கிய முதல் ஜூன். வேலியோரத்து ஓக் மரத்தில் என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கொடி ஏறியிருந்தது. உடம்பெல்லாம் தேங்காய் நார் ஒட்டிய மாதிரி வேர். யாரோ எச்சரித்திருந்ததால் வெகு சிரத்தையாகத் தயாரானேன். முழுக்கைச் சட்டை, பேண்டை சாக்ஸுக்குள் செருகி, புதிதாக வாங்கிய மஞ்சள் தோல் கையுறை. ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். முடித்ததும் கையுறையைக் கழற்றி கராஜில் ஆணியில் மாட்டினேன். ஓடிப் போய்க் குளித்தேன். சோப்பு, தேய்ப்பு, எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

இரண்டு நாளில் மணிக்கட்டில் லேசாக ஒரு வளையம். சரி, எங்கோ கொஞ்சம் பட்டிருக்கும். காலமைன் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை புல் வெட்டினேன். திங்கட்கிழமை விரலிடுக்கில் கொப்புளம். அதற்கடுத்த வாரம் கழுத்து, காது மடல். புல்வெளியில் ஒரு இலை பாய்சன் ஐவி கிடையாது, சல்லடை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அப்போது நாங்கள் கண்டுபிடித்த காரணம்: கொப்புளத்துத் தண்ணீர் பட்டுப் பரவுகிறது. வீட்டுக்காரி என் துண்டைத் தனியாக்கினாள், சோப்பைத் தனியாக்கினாள், பிறகு என்னையே தனியாக்கினாள். ஜூலை மாதம் முழுக்க பேஸ்மென்ட் சோபாவில் படுத்தேன். தினமும் போர்வை துவைத்தோம். பிள்ளைகளை அருகில் விடவில்லை. டாக்டரிடம் இரண்டு தடவை, மூன்று வாரம் ஸ்டெராய்டு மாத்திரை, அது தந்த அகோரப் பசியும் தூக்கமின்மையும் வேறு.

கடைசியில், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற மனிதர் மரம் அறுக்கும் ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க கராஜுக்கு வந்தார். ஆணியைப் பார்த்தார். "கொடி இழுத்த அன்று இதைத்தான் போட்டிருந்தாயா?" ஆமாம் என்றேன். "அதற்குப் பிறகு?" ஒவ்வொரு சனிக்கிழமையும் போடுகிறேனே என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குப்பைப் பையைக் கையில் மாட்டி, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டையும் தூக்கி, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

கொப்புளத்துத் தண்ணீர் நம் உடம்பு சுரப்பது. அதில் உருஷியோல் கிடையாது, அதனால் யாருக்கும் ஒட்டாது, நமக்கே இன்னொரு இடத்துக்கும் பரவாது. எண்ணெய் கூடப் பட்ட இடமும் மெல்லிய தோலும் முதலில் வெடிக்கும், குறைவாகப் பட்ட இடமும் தடித்த தோலும் சில நாள் பிந்தி வெடிக்கும். பார்ப்பதற்குப் பரவுவது மாதிரியே இருக்கும். ஆனால் வாரங்கள் கடந்தும் புதுப்புது இடத்தில் வந்தால், நீங்கள் எதையோ மறுபடி மறுபடி தொடுகிறீர்கள் என்று அர்த்தம். அந்த எண்ணெய் சாமான்களில் வருடக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். நான் வாரம் ஒருமுறை அதற்குள் கையை விட்டு, அதே கையுறையால் கழுத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்: "தினம் போர்வை துவைச்சது நானு, கையுறையைப் பத்திரமா ஆணியில மாட்டி வெச்சது நீங்க."

ஆகவே, தோல் கையுறை வேண்டாம். எண்ணெயைக் குடித்துவிடும், கழுவினாலும் நம்ப முடியாது. மெல்லிய லேட்டக்ஸ் உறையும் வேண்டாம், எண்ணெய் ஊடுருவி வந்துவிடும். கனமான வினைல் கையுறை வாங்குங்கள், வேலை முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். கத்தரி, மண்வெட்டிப் பிடிகளை ஒருமுறை போட்டு எறியும் உறையை மாட்டிக்கொண்டு சோப்பில் கழுவுங்கள், அல்லது ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். வேலைக்குப் போட்டிருந்த உடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போகாமல் நேராக வாஷரில் போட்டுத் தனியாகத் துவையுங்கள். பிறகு எல்லோரும் மறக்கும் மூன்று: ஷூ லேஸ், கைக்கடிகார வார், நடுவில் எடுத்துப் பேசிய போன்.

முழங்கைத் தம்பிக்கு நான் அனுப்பிய முதல் கேள்வியே இதுதான்: "கையுறை எங்கே?" பதில் வரவில்லை.

எரிக்காதீர்கள்

பிடுங்கிய கொடி குவிந்து கிடக்கும்போது தீக்குச்சி ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. முந்திரிக்கொட்டை சுடும்போது "புகைப் பக்கம் நிக்காதடா" என்று எங்கள் ஆயா விரட்டியது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். புகையோடு எண்ணெயும் ஏறும். தோலில் வருவது தொண்டையிலும் நுரையீரலிலும் வந்தால் உயிருக்கே உலை. காய்ந்த கொடியும் அப்படித்தான். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

வீட் வேக்கர்

கயிற்றைச் சுழற்றிப் புல் வெட்டும் கருவி. பாய்சன் ஐவி மேல் ஓட்டினால், கொடியை அரைத்து உங்கள் முழங்காலில் தெளிக்கும் இயந்திரம்.

குளிர்காலம்

இலை உதிரும், எண்ணெய் உதிராது.

நாய்

நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்சுகிறவருக்கு ஆகும்.

ஊரிலிருந்து வந்த டியூப்

எல்லார் வீட்டு டிராயரிலும் ஒன்று இருக்கிறது. ஊரில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது. படர்தாமரைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அதோடு வீரியமான ஸ்டெராய்டு என்று மூன்றையும் கலந்த கதம்பம். அதை எடுத்து முகத்தில் பூசாதீர்கள், தோல் மெலிந்து போகும். அரிப்புக்கு என்று இங்கே விற்கும் ஆன்டிஹிஸ்டமின் க்ரீம், மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன் க்ரீம் இரண்டும் சிலருக்குத் தனியாக ஒரு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, காலமைன், ஓட்ஸ் பொடி கரைத்த குளியல், இதுதான் வீட்டு வைத்தியம். மஞ்சளையும் வேப்பிலையையும் வெடித்த கொப்புளத்தில் அரைத்து அப்பச் சொல்லி ஊரிலிருந்து போன் வரும். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அப்பாமல் இருங்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாக அடங்கும்.

ஆறு நாள் அட்டை

கடுமையாக வந்தால் மாத்திரை தேவைப்படும். சில இடங்களில் ஆறு நாளில் முடிகிற ஸ்டெராய்டு அட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். நான்காம் நாள் சொர்க்கம், ஏழாம் நாள் மறுபடியும் கிளம்பும். இதற்கு வழக்கமாக இரண்டு மூன்று வாரம் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். என் முதல் டாக்டர் விஜயம் வீணானது இப்படித்தான். "ஆறு நாள் போதுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

கண் வீங்கினால், முகத்திலோ மறைவிடத்திலோ வந்தால், உடம்பில் பெரும்பகுதி தடித்தால், காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் அவசர உதவிக்கு 911.

இதை எழுதி முடிக்கும்போது தம்பியிடமிருந்து பதில் வந்தது. "கையுறை கராஜ்ல பத்திரமா இருக்குண்ணே. நல்ல லெதர், நாப்பது டாலர். நேத்து மாமனார் அதைப் போட்டுக்கிட்டுத்தான் தக்காளிக்குக் களை எடுத்தார்."

மாமனார் ஊரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். அவருக்கு இது முதல் தடவை, தெரிய இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று எழுதத் தொடங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மாமனாருக்கு எந்த ஊர் என்று கேட்டேன்.

"விருத்தாசலம் பக்கம்ணே. சொந்தமா முந்திரித் தோப்பு இருக்கு."

எழுதியதை அழித்துவிட்டு, போன் போட்டேன்.