மலாக்கா சிவப்புக் கட்டடத்த உள்ள போய் பாக்குறது எப்படி

மலேசியாவுல மலாக்கா போற நெறைய பேர் ஸ்டாதைஸ்ங்கற செவப்புக் கட்டடத்து முன்னாடி நின்னு நாலு போட்டோ எடுத்துட்டு, அப்படியே ஜோங்கர் ஸ்ட்ரீட்டுக்கு செண்டோல்ங்கற தேங்காப்பால் ஐஸ் குடிக்கக் கிளம்பிடுறாங்க. அந்தக் கட்டடம் டச்சு கவர்னர் குடியிருந்த வீடு, இப்ப உள்ள மியூசியம் இருக்குன்னு பல பேருக்கு தெரியவே தெரியல. எனக்கு அது ரொம்ப வருத்தம், அதான் இத எழுதுறேன்.

காலைல தெறந்த உடனே போயிடுங்க, லேட்டானா வெயிலும் ஏறிடும், டூர் பஸ்ஸும் வந்து நிக்கும், திரிஷான்னு சொல்ற சைக்கிள் ரிக்‌ஷாவுல போடற பாட்டு சத்தத்துல ஒண்ணும் நிதானமா பாக்க முடியாது. திங்கட்கிழமை மியூசியம் மூடியிருக்க வாய்ப்பு இருக்கு, கெளம்பறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கோங்க. கோலாலம்பூர்ல இருந்து வர்றவங்க டிபிஎஸ் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி மலாக்கா சென்ட்ரல்ல எறங்கி, அங்கருந்து டவுன் பஸ்ஸோ கிராப் டாக்சியோ புடிச்சா போதும்.

வாசல்ல நிக்கும்போதே ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. 1641ல போர்த்துகீசியர்கிட்ட இருந்து ஊரப் புடிச்ச டச்சுக்காரங்க 1650 வாக்குல இத கட்டினப்ப கலர் வெள்ளை, செவப்பு பெயிண்ட் அடிச்சது பின்னாடி வந்த பிரிட்டிஷ்காரங்க. எதுக்க இருக்கற மணிக்கூண்டும் டச்சு இல்ல, 1886ல ஒரு சீனக் குடும்பம் கட்டிக் குடுத்தது. பக்கத்துல இருக்கற கிறைஸ்ட் சர்ச் நெசமாவே டச்சு, 1753ல முடிஞ்சது.

உள்ள போனதும் கண்ணாடிப் பெட்டிங்க பக்கம் ஓடாதீங்க, மொதல்ல வீட்டப் பாருங்க. ஒரு ஜன்னல் கிட்ட போய் நின்னு சுவரு எவ்ளோ தடிமன்னு பாருங்க, வெளிய தார் ரோடு கொதிச்சாலும் உள்ள ஏன் அவ்ளோ சூடு தெரியலன்னு அப்பவே புரிஞ்சிடும். கனமான மரக்கதவு, அதத் தாங்குற இரும்புக் கீல், மர ஜன்னல், எல்லாத்தையும் நின்னு பாருங்க. டச்சுக்காரங்க போனப்புறம் இது ஸ்கூலாவும் கவர்மெண்ட் ஆபீஸாவும் இருந்து, 1982லதான் மியூசியமாச்சு.

அப்புறம் கண்காட்சி. மலாக்காவ உருவாக்குன பரமேஸ்வரா காலத்துல ஆரம்பிச்சு சுல்தான், போர்த்துகீசியர், டச்சு, பிரிட்டிஷ், ஜப்பான்னு வரிசையா போகும், அவசரம்னா பானை, நாணயம், பெயிண்டிங் இதெல்லாம் வேகமா தாண்டிடலாம். கல்யாண உடுப்பு இருக்கற எடத்துல மட்டும் நில்லுங்க, மலாய், சீனர், செட்டின்னு ஒவ்வொருத்தர் உடுப்பையும் ஒப்பிட்டுப் பாருங்க. மலாக்கா செட்டிங்க நம்ம தமிழ் வியாபாரிங்க வழி வந்தவங்க, மலாய் பேசுவாங்க ஆனா சாமி கும்புடறது நம்ம மாதிரியேதான், இத புள்ளைங்களுக்கு கண்டிப்பா சொல்லிக் குடுங்க.

முடிச்சிட்டு பின்னாடி இருக்கற செயின்ட் பால் குன்று ஏறுங்க. கிறைஸ்ட் சர்ச் ரெடியாகுற வரைக்கும் டச்சுக்காரங்க குன்று மேல இருக்கற பழைய போர்த்துகீசிய சர்ச்சுலதான் பூசை வச்சாங்க, பிறகு அது இடுகாடாயிடுச்சு, பெரிய பெரிய கல்லறைக் கல்லு சுவத்துல சாச்சு வச்சிருப்பாங்க, எழுத்து செதுக்குனத கிட்டப் போய் பாருங்க.

கால் வலிக்கலன்னா ஆத்தத் தாண்டி ஜாலான் துக்காங் எமாஸ்ல இருக்கற பொய்யாத விநாயகர் கோயிலுக்கும் நடந்துடுங்க, 1781ல டச்சுக்காரங்க செட்டிங்களுக்குக் குடுத்த நெலத்துல எழும்பின கோயில் அது. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால பன்னெண்டுக்கு முன்னாடியே போயிடறது நல்லது.