வழிகாட்டியவரே வழி தவறினால்: அடுத்த சில மாதங்களில் செய்ய வேண்டியவை

மடமோ, சபையோ, தியான மையமோ, அதன் தலைவர் மீது பாலியல் சுரண்டல், பணக் கையாடல் என்று புகார் எழுந்ததும் உறுப்பினர்களிடம் முதலில் கேட்கப்படுவது "நீ எந்தப் பக்கம்?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தலைவர், சமூகம், இறைநம்பிக்கை மூன்றும் தனித்தனி. மூன்றையும் ஒரே வாரத்தில் தீர்மானிக்கப் போகிறவர்கள் எல்லாவற்றையும் உதறிவிடுகிறார்கள், இல்லையென்றால் மனம் தாங்காமல் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தலைவரைப் பற்றி ஆதாரங்களை வைத்து முடிவு செய்யலாம். சமூகத்தைப் பற்றி முடிவு செய்யச் சில மாதங்கள் ஆகும். இறைநம்பிக்கைக்குக் காலக்கெடுவே வைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றாலோ, யாருக்காவது ஆபத்து தொடர்கிறது என்றாலோ, நேராகக் காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்புத் துறையிடமோ சொல்லுங்கள். "முதலில் நாங்கள் விசாரிக்கிறோம்" என்று நிர்வாகம் சொல்வதை ஏற்காதீர்கள். அந்த இடைவெளியில்தான் பதிவுகள் அழிகின்றன, சாட்சிகள் மிரட்டப்படுகிறார்கள். குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் கெடுதல்தான். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்டால், பிறகு வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும். "என்ன நடந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். குழந்தை பயன்படுத்திய அதே சொற்களில் எழுதி, தேதி போட்டு, உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

எழுத்தில் வைத்துக்கொள்வது

ஒரு நோட்டில் மூன்று பகுதிகள் போதும்: நீங்களே கண்டது, பாதிக்கப்பட்டவர் உங்களிடம் நேரில் சொன்னது, பிறர் வழியாகக் கேள்விப்பட்டது. இவற்றைக் கலந்துவிட்டால், ஒரு வதந்தி பொய்யானதும் உண்மையான பகுதியும் சேர்ந்து அடிபடும். குறுஞ்செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் அனுப்பியவர் யார் என்பதும் தெரிய வேண்டும். மூலச் செய்தியை அழிக்காதீர்கள். நன்கொடை ரசீதுகள், சுற்றறிக்கைகளின் நகல்களை அமைப்பின் கணினியிலோ அது கொடுத்த மின்னஞ்சலிலோ வைக்காமல் உங்கள் சொந்தக் கணக்கில் வையுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ செய்தியையோ அவர் சம்மதம் இல்லாமல் நெருங்கிய நண்பருக்குக்கூட அனுப்பக் கூடாது.

பதிலை எடைபோடுவது

தவறு செய்தவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் அந்தச் சமூகத்தை இனி நம்பலாமா என்பதை, செய்தி வெளிவந்த பிறகு மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே கணிக்க முடியும். அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார்களை ஒரு பங்குத் தேவாலயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வந்தது 2002-இல் பத்திரிகையில் வெளியானபோது, குற்றத்துக்கு நிகராக மக்களை உடைத்தது அந்த இடமாற்றங்கள்தான். கிறிஸ்தவப் போதகர் ரவி சகரியாஸ் விஷயத்தில் 2017-இல் ஒரு பெண் சொன்ன பாலியல் புகாரை சகரியாஸின் அமைப்பு நம்பவில்லை. சகரியாஸ் இறந்த பிறகு நடந்த விசாரணையின் அறிக்கை 2021-இல் வந்ததும்தான் நிர்வாகக் குழு மன்னிப்புக் கேட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் சமூகங்களை நடத்தும் லார்ஷ் அமைப்பு வேறு வழியில் போனது. தன் நிறுவனர் ஜான் வானியே பற்றி வெளியாரை வைத்து விசாரித்து, 2020-இல் முடிவைத் தானே அறிவித்தது. அதோடு நிற்காமல் ஆய்வைத் தொடர்ந்து, 2023-இல் குறைந்தது 25 பெண்கள் பாதிக்கப்பட்டதாக வெளியிட்டது. எண்ணிக்கை கூடியது அமைப்புக்கு அவமானம்தான். ஆனாலும் உறுப்பினர்களுக்கு உண்மை போய்ச் சேர்ந்தது.

நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பதிலுக்கு மூன்று வாரம் கொடுங்கள். குற்றஞ்சாட்டாமல் கேள்விகளை மட்டும் வையுங்கள். விசாரிப்பவரைத் தேர்ந்தெடுத்தது யார்? அறிக்கை யார் கைக்குப் போகும், உறுப்பினர்கள் அதைப் படிக்க முடியுமா? விசாரணை முடியும்வரை தலைவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறாரா? இதற்கு முன் புகார் வந்ததா, வந்திருந்தால் என்ன செய்தீர்கள்? வாய் திறக்கக் கூடாது என்று யாரிடமாவது ஒப்பந்தம் வாங்கியிருக்கிறீர்களா, அதிலிருந்து அவர்களை விடுவிப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மிக முக்கியம்.

மறுப்பது, சொன்னவரைத் தாக்குவது, பிறகு குற்றவாளியையே பாதிக்கப்பட்டவராகக் காட்டுவது என்ற வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997-இலேயே விவரித்தார். "தலைவரைச் சோதிக்கிறார்கள், அவருக்காகப் பிரார்த்தியுங்கள்" என்ற அறிவிப்பு மேடையிலிருந்து வந்தால் அந்த வரிசை தொடங்கிவிட்டது. "இரண்டு பெரியவர்களுக்குள் சம்மதத்தோடு நடந்தது" என்பதும் அடிக்கடி வரும் பதில். ஆன்மிக ஆலோசனைக்கு வந்தவரின் ரகசியங்களும் அச்சமும் ஆலோசகரின் கையில் இருக்கும்போது, அதைச் சமமானவர்களுக்கு இடையிலான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை அவர் சார்பில் சபை அறிவிக்க முடியாது.

பணமும் கையெழுத்தும்

பலர் தாமதமாக உணரும் இடம் இது. மாதந்தோறும் தானாகப் போகும் நன்கொடையை அமைப்பிடம் கேட்டு நிறுத்தாமல் உங்கள் வங்கியிலேயே நிறுத்துங்கள். நீங்கள் அறங்காவலராகவோ, பொருளாளராகவோ, காசோலையில் கையெழுத்திடுபவராகவோ இருந்தால், அங்கே போவதை நிறுத்தினால் மட்டும் பொறுப்பு தீராது. விலகல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி, வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் உங்கள் பெயர் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். நிர்வாகத்தில் இருப்பவர் கணக்கில் தவறு தெரிந்தும் விலகினால், தெரிந்ததை எழுத்தில் பதிவு செய்துவிட்டே விலக வேண்டும். இல்லையென்றால் மறைக்க உடந்தை என்ற பழி உங்கள் மேலும் வரலாம்.

வீட்டிலும் மனதிலும்

துணைவரோ பெற்றோரோ அதே தலைவரை நம்பிக்கொண்டிருந்தால், அவர்களையும் இழுக்க முயலாதீர்கள். "நான் இந்தக் காரணத்துக்காகப் போவதில்லை" என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். குழந்தைகளை அந்தத் தலைவருடன் தனியே விடுவதில்லை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிரார்த்தனை வராமல் போவது இயல்பு. தெரிந்த வரிகள் எல்லாம் அந்தத் தலைவரின் குரலிலேயே காதில் கேட்கும். அவர் கற்பிக்காத ஒரு பகுதியை எடுத்துத் தனியே வாசிக்கலாம், மௌனமாக உட்காரலாம், கொஞ்ச காலம் எதுவும் செய்யாமலும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வேறு சமூகத்தில் சேர்ந்தாலும் ஓராண்டுக்குப் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். வெறுமை தாங்காமல், வெளியேறியவர்களைத் திரட்டும் இன்னொரு வசீகரமான பேச்சாளரிடம் போய்ச் சிக்குவது அடிக்கடி நடக்கிறது. தணிக்கை செய்த கணக்கைக் காட்டுகிறார்களா, தலைவரை நீக்கும் அதிகாரம் யாருக்காவது உண்டா, புகார் வாங்குபவர் தலைவரின் உறவினரா என்று கேளுங்கள். அங்கிருந்து விலகிப்போன இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். விலகிய பிறகு அவர்களோடு அந்தச் சமூகத்தினர் உறவை முறித்துக்கொண்டார்களா என்றும் விசாரியுங்கள்.