சொட்டுநீர்க் குழாய் அடைக்காமல் ஜீவாமிர்தம் விடுவது எப்படி?

ஜீவாமிர்தம், அதாவது சாணமும் கோமியமும் ஊறவைத்த நுண்ணுயிர்க் கரைசல், கலக்குவது எளிது. சொட்டுநீரில் விடுவதுதான் பாடாய்ப்படுத்தும்.

1. ஒரு ஏக்கருக்கு, செலவில்லா இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் சொல்லும் அளவு: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், ரசாயனம் படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி. சாணம் புதிதாக இருக்க வேண்டும், கோமியம் பழையதானாலும் சரி. மாவுக்குக் கொள்ளு என் தேர்வு. நிலக்கடலை, சோயா வேண்டாம். வெல்லம் கறுப்பாக, மலிவாகக் கிடைப்பதே போதும்.

2. பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கி, நிழலில் வைத்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். இறுக்கி மூடக்கூடாது, காற்று வேண்டும். காலையும் மாலையும் குச்சியால் வலப்பக்கமாகக் கலக்கிவிடுங்கள். 48 மணி நேரத்தில் தயார். ஏழு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

3. இனி வடிகட்டல். அடைப்புக்குச் சாணத்தைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். சாண நார் கொசுவலையிலேயே நின்றுவிடும். ஊறிய பயறு மாவுதான் கூழாகித் துணியை அடைக்கும். கலக்கும்போதே சாணத்தை மட்டும் சாக்கில் கட்டி டிரம்முக்குள் தொங்கவிட்டால் நார்ப் பிரச்சினை தீர்ந்தது. மாவுக்காக, விடுகிற அன்று கலக்கவே வேண்டாம், அது அடியில் படியட்டும். மேல்தெளிவை மட்டும் மொண்டு, முதலில் நைலான் கொசுவலையிலும், அப்புறம் இரண்டாக மடித்த பழைய வேட்டியிலும் வடியுங்கள். அடிவண்டலை மரத்தடியில் ஊற்றலாம். விட்டு முடித்ததும் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, குழாயின் கடைசி மூடிகளைத் திறந்து கழுவுங்கள். இதைத் தவிர்த்தால் குழாய்க்குள் வழுவழுவென்று நுண்ணுயிர்ப் படலம் பிடிக்கும்.

வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. மடைவாயில் டிரம்மை வைத்துக் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டால் தண்ணீரோடு போய்விடும்.

எப்படி விட்டாலும் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், மேலே மூடாக்கு (காய்ந்த இலைதழைப் போர்வை) இருக்க வேண்டும். இது உரமல்ல, நுண்ணுயிர்க் கரைசல். ஒரு ஏக்கருக்கு வேண்டிய தழைச்சத்து 10 கிலோ சாணத்தில் எங்கே இருக்கும்? அதற்குப் பயறுவகை ஊடுபயிரும் மூடாக்கும்தான் வழி. இதைச் சொல்லாமல் டிரம்மை மட்டும் காட்டும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

பின்சேர்க்கை: மாடித்தோட்டக்காரர்கள் அளவு கேட்டிருந்தீர்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், முந்தின நாளே திறந்த வாளியில் பிடித்து வையுங்கள்.