முதல் ஐடி வேலைக்கு ரெஸ்யூமே எழுதும் முறை: வட சென்னைப் பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், டிப்ளமோ முடித்த பிள்ளைகளின் ரெஸ்யூமேக்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே அச்சு. மேலே குறிக்கோள் என்று ஒரு பத்தி, நடுவில் மார்க் அட்டவணை, கீழே அப்பா பெயர், மதம், பிறந்த தேதி, உறுதிமொழி, கையெழுத்து. பிரவுசிங் சென்டரில் கிடக்கும் பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வரும் என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காது. கம்பெனிக்காரர் தேடுவதோ அந்த ஒரு வரியைத்தான்.

எழுதும் ஒவ்வொரு வரியும் இன்டர்வியூவில் கேள்வியாகத் திரும்பி வரும். ஐந்து நிமிடம் விளக்கிப் பேச முடிகிற வரியை மட்டும் எழுதுங்கள். அப்படிப் பேச முடிகிற எதையும், சின்ன வேலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எழுத உட்காரும் முன்

எந்த வேலைக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்: டெக்னிக்கல் சப்போர்ட், டெஸ்டிங், வெப் டெவலப்மென்ட், டேட்டா, நெட்வொர்க். எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்பினால் எதற்கும் பொருந்தாது. நீங்கள் விரும்பும் வேலைக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு தாளில் குறியுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையில் தெரிந்தவை, விளம்பரத்தில் இருக்கும் அதே பெயரில், ரெஸ்யூமேயில் வர வேண்டும். வரும் ரெஸ்யூமேக்களைச் சேர்த்து வைத்துத் தேட கம்பெனிகள் பயன்படுத்தும் ஏடிஎஸ் மென்பொருளில் ஹெச்ஆர் தேடுவதும் அந்தச் சொற்களைப் போட்டுத்தான்.

தாளும் தலைப்பும்

ஏ4, ஒரே பக்கம், இடம் வலமாகப் பிரிக்காத ஒரே நெடுவரிசை. ஓரம் முக்கால் அங்குலம், எழுத்து கேலிப்ரி அல்லது ஏரியல், அளவு 10.5 அல்லது 11, பெயர் மட்டும் 16. கூகுள் டாக்ஸ் போதும். கேன்வாவில் கிடைக்கும் இரண்டு நெடுவரிசை டிசைன்களும், திறமையை நட்சத்திரத்திலும் சதவீதப் பட்டையிலும் காட்டும் டிசைன்களும் வேண்டாம். ஜாவா 80 சதவீதம் என்றால் யார் வைத்த தேர்வில் 80 என்று கேட்பார்கள்.

பெயரில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். வேலை கிடைத்த பின் நடக்கும் சரிபார்ப்பில் இதனால் நாட்கள் இழுக்கும். ரெஸ்யூமேயில் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். ஆன்லைன் படிவம் கடைசிப் பெயர் கேட்டால் ஒரே முறையை எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். ஆதாரையும் பான் கார்டையும் ஒத்துப்போகும்படி இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

பெயருக்குக் கீழே கைபேசி எண், பெயரை ஒட்டிய மின்னஞ்சல், கிட்ஹப் (எழுதிய கோட்-ஐ ஏற்றி வைக்கும் தளம்), லிங்க்டின் இணைப்புகள், ஊர். கதவு எண், தெரு வேண்டாம். சென்னை என்று போட்டாலே போதும். ஏரியா பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அண்ணா நகரில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஏரியாவை எழுத விரும்பினால் தலை நிமிர்ந்து எழுதுங்கள். புகைப்படம், மதம், சாதி, திருமண நிலை, உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

குறிக்கோள் பத்தி இருந்த இடத்தில் இரண்டு வரி போதும்: என்ன படித்தீர்கள், எந்த வேலைக்கு வருகிறீர்கள், அதற்கு உங்களிடம் இருக்கும் இரண்டு மூன்று கருவிகள் எவை.

புராஜெக்ட்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

அனுபவம் இல்லாதவருக்கு ஆதாரம் புராஜெக்ட்தான். காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் புராஜெக்ட் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் எல்லாரிடமும் இருக்கிறது. நம்மைச் சுற்றி நடக்கும் தொழிலைப் பாருங்கள். காசிமேட்டில் படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மீதியை உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் ஒரே சட்டைக்கு நான்கு சைஸ், ஆறு நிறம் என்று 24 வகை ஸ்டாக். இவற்றுக்குக் கணக்குப் போடும் சின்ன அப்ளிகேஷனில் உண்மையான விதிகள் இருக்கும். அந்த விதிகளைத் தெரிந்தவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், கேட்டால் சொல்வார்.

ஒரு புராஜெக்ட்டுக்கு மூன்று அல்லது நான்கு வரி. முதல் வரியில் யாருக்கு என்ன சிக்கல். அடுத்து எதைக் கொண்டு கட்டினீர்கள். பிறகு நீங்கள் மட்டும் செய்த பங்கு. கடைசியில் தீர்த்த ஒரு கஷ்டம். துணிக்கடை எடுத்துக்காட்டில் இப்படி வரலாம்: "சைஸ், நிறம் வாரியாக ஸ்டாக் காட்டும் வெப் அப்ளிகேஷன். பைத்தான், ஃபிளாஸ்க், மைஎஸ்க்யூஎல். டேட்டாபேஸ் வடிவமைப்பும் பில்லிங் பகுதியும் என் வேலை. இரண்டு பில் ஒரே நேரத்தில் விழுந்தால் ஸ்டாக் மைனஸ் ஆன பிழையை டிரான்ஸாக்ஷன் கொண்டு சரிசெய்தேன்." அந்தக் கடைசி வரி ஒன்றே உங்களைப் பிரித்துக் காட்டும். நண்பர்கள் சேர்ந்து செய்ததென்றால் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கோட் கிட்ஹப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை மாற்றத்தைப் பதிவு செய்வதும் ஒரு கமிட். ஒரே நாளில் ஒரே கமிட்டில் எல்லாவற்றையும் ஏற்றினால் பிறர் எழுதியதை எடுத்துப் போட்டதாகத் தோன்றும். எழுத எழுத ஏற்றுங்கள். ரீட்மீ ஃபைலில் என்ன செய்யும், எப்படி ஓட்டுவது, இரண்டு ஸ்க்ரீன்ஷாட். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ உள்ள ஃபைலை முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் (ஏற்றக் கூடாத ஃபைல்களின் பட்டியல்) சேருங்கள். ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில் தெரியும். பிறர் திறந்து பார்க்க அப்ளிகேஷனை ரெண்டர் போன்ற தளத்தில் இலவசமாக ஏற்றினால் 15 நிமிடம் யாரும் வராதபோது சர்வர் தூங்கிவிடும், மறுபடி எழ ஒரு நிமிடம் ஆகலாம். பார்ப்பவர் இணைப்பு செத்துவிட்டது என்று மூடிவிடுவார். இணைப்புக்குப் பக்கத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

செய்த வேலை எதுவும் வீண் இல்லை

படிக்கும்போதே வேலைக்குப் போன பிள்ளைகள் அதை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டில் கேட் என்ட்ரி போட்டவருக்குத் தெரிந்ததைப் பாருங்கள்: கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க வைத்த செக் டிஜிட். அதைக் கணக்கிட்டுத் தவறான எண்ணைக் காட்டிக்கொடுக்கும் எக்செல் ஃபார்முலாவை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தால் அது ரெஸ்யூமேயில் முதல் இடத்துக்கு வரத் தகுந்த வரி. லாஜிஸ்டிக்ஸ் மென்பொருள் செய்யும் கம்பெனிக்கு அந்தத் தொழில் அறிவு பெரிய விஷயம்.

துணிக்கடை பில்லிங், மொபைல் சர்வீஸ், உணவு டெலிவரி எதுவானாலும் இடம், மாதம், வருடம், அங்கே தினமும் கையாண்ட அளவு என்று எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசிய அனுபவம் சப்போர்ட் வேலைக்கு நேரடியாக உதவும். ஃபுட்பால், பாக்சிங், கேரம் ஆகியவற்றில் மாவட்ட, மாநில அளவில் ஆடியவர்கள் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

பொய் அனுபவம் மட்டும் வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு பிடிபட்டால் வேலை போய்விடும்.

படிப்பும் அரியரும்

கடைசியில் படித்தது முதலில்: பட்டம், கல்லூரி, முடித்த ஆண்டு, சதவீதம் அல்லது சிஜிபிஏ. பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகள் உண்டு. மார்க் குறைவென்றால் அந்த விளம்பரங்களை விட்டு, நிபந்தனை இல்லாத சின்ன கம்பெனிகளில் முயலுங்கள். பாக்கி அரியர் எத்தனை என்று படிவத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் முடித்த கோர்ஸ் இருந்தால் சேருங்கள். வேலைக்குச் சம்பந்தமான இரண்டு மூன்று சான்றிதழ் போதும், அரை நாள் வெபினார் எல்லாம் வேண்டாம்.

மொழி

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பெரிய ஆங்கிலத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியும் பில்ட், டெஸ்டட், ஃபிக்ஸ்ட் போன்ற ஒரு வினைச்சொல்லில் தொடங்கட்டும். சாட்ஜிபிடியிடம் இலக்கணம் திருத்தக் கேட்கலாம். திருத்தி வந்ததை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கில் வராத சொல்லை எடுத்துவிட்டுத் தெரிந்த சொல்லைப் போடுங்கள்.

அனுப்பும் முன்

பிடிஎஃப் ஆக எடுத்து, திறந்து, முழுதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் வரிசையாக வந்தால் மென்பொருளும் பெரும்பாலும் அப்படியே படிக்கும். குழம்பி வந்தால் எங்கோ டேபிளோ டெக்ஸ்ட் பாக்ஸோ இருக்கிறது. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். மறுபடி டாக்ஸிலிருந்து எடுங்கள். இணைப்புகளை வேறு ஒருவர் போனில் திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் உங்கள் பெயரும் வேலைப் பெயருமாக இருக்கட்டும், "நியூ ரெஸ்யூமே ஃபைனல் 3" வேண்டாம். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தால் மெயிலை லாக்அவுட் செய்து, டவுன்லோட் ஃபோல்டரிலிருந்தும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

எண்ணூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு எப்படி வருவாய், நைட் ஷிஃப்ட் ஒத்துவருமா என்று ஹெச்ஆர் கட்டாயம் கேட்பார். வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, சம்மதம் என்றால் ஷிஃப்டுக்குத் தயார் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

எந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதியில் எந்த ஃபைலை அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று போன் வரும்போது, அவர் கையில் இருக்கும் அதே ரெஸ்யூமேயைப் பார்த்துப் பேச அது வேண்டும்.