ஹோம்ஸ்கூல் பண்ற பிள்ளைக்கு ஆன்லைன் மேத்ஸ் கிளாஸ் தேடுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்ம ஊர்ல ஆன்லைன்ல கிடைக்கிற மேத்ஸ் கிளாஸ்ல முக்காவாசி ஸ்கூலுக்கு போற பிள்ளைங்களுக்கு நடத்துற ட்யூஷன்தான். ஆறாவது ஏழாவது எட்டாவது படிக்கிற வயசுல ஹோம்ஸ்கூல் பண்ற பிள்ளைய கொண்டுபோய் அதுல சேக்குறதுதான் நிறைய வீட்ல நடக்குற முதல் தப்பு. ஸ்கூல் பிள்ளை ஒரு பாடத்த பகல்ல ஒரு தடவை கேட்டுட்டு சாயங்காலம் ட்யூஷன்ல ரெண்டாவது தடவை கேக்குது, அதனால ட்யூஷன் சார் கான்செப்ட பத்து நிமிஷத்துல ஓட்டிட்டு நேரா கணக்குக்கு போயிடுவார், அது அவர் தப்பும் கிடையாது, அந்த கிளாஸோட வேலையே அதுதான். நம்ம பிள்ளைக்கு அந்த பத்து நிமிஷம்தான் மொத்த பாடமே. ரெண்டு மாசம் கழிச்சு "இவனுக்கு மேத்ஸ் வரல"ன்னு பேச ஆரம்பிப்பாங்க, பாடமே நடக்காத எடத்துல எப்படிங்க வரும்?

அதனால போன்ல பேசும்போதே கேட்டுடுங்க: "என் பிள்ளைக்கு வேற எங்கயும் மேத்ஸ் கிளாஸ் கிடையாது, நீங்க நடத்துறது மட்டும்தான், புதுசா ஒரு பாடம் ஆரம்பிச்சா எத்தனை கிளாஸ் எடுப்பீங்க?" ஹோம்ஸ்கூல் பிள்ளைங்களுக்கு எடுத்து பழகினவங்க உடனே பதில் சொல்லுவாங்க. "ஸ்கூல்ல எந்த போர்ஷன் போயிட்டு இருக்கு"ன்னு திருப்பி கேட்டா அங்கயே புரிஞ்சிடும்.

அடுத்து, வயச வச்சு கிளாஸ் முடிவு பண்றது. 12 வயசு, அப்ப ஏழாவதுன்னு சேத்துடுறாங்க. வீட்ல படிக்கிற பிள்ளைங்க அப்படி ஒரே மட்டத்துல இருக்கவே மாட்டாங்க, ஜியோமெட்ரில எட்டாவது லெவல்ல இருக்கும், பின்னத்துல அஞ்சாவதுல நிக்கும், அதுல ஒண்ணும் குறை இல்ல, ஆனா கிளாஸ் தேடுறதுக்கு முன்னாடி அது நமக்கு தெரிஞ்சிருக்கணும். 2024ல வந்த ஆறாவது என்சிஇஆர்டி மேத்ஸ் புக் இலவசமா பிடிஎஃப்ல கிடைக்குது, அதுல பின்னம் பத்தின பாடத்தையும் நெகட்டிவ் எண்கள் வர்ற பாடத்தையும் எடுத்து நாலஞ்சு கணக்கு போட சொல்லுங்க. கான் அகாடமிங்கிற இலவச வெப்சைட்ல ஒவ்வொரு கோர்ஸுக்கும் மொத்தமா ஒரு டெஸ்ட் இருக்கு, அதுவும் ஃப்ரீதான்.

என்கிட்ட கேட்டா மூணே கேள்வி போதும்னு சொல்லுவேன். ஒண்ணு, 8 + 4 = __ + 5, கோட்டுல என்ன வரும்? வர வேண்டியது 7, ஆனா நல்லா கூட்டத் தெரிஞ்ச பிள்ளைங்ககூட 12ன்னு போடும், ஏன்னா சமக்குறின்னா "விடை இங்க எழுது"ன்னு மனசுல பதிஞ்சு கெடக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மதிப்புங்கிறது தெரியாது, அது தெரியாம அல்ஜீப்ரா கிளாஸ்ல உக்காந்தா எல்லாமே மனப்பாடம்தான். ரெண்டாவது, 3/4 ÷ 1/2 எவ்வளவு, அது ஏன் 3/4ஐ விட பெருசா வருது? "தலைகீழா மாத்தி பெருக்கணும்"னு 3/2 போட்டுடுவாங்க, ஏன்னு கேட்டா முழிப்பாங்க. முக்கா லிட்டர் பால்ல அரை லிட்டர் பாக்கெட் எத்தனைன்னு யோசிச்சு ஒண்ணரைன்னு சொல்ற பிள்ளைக்கு வகுத்தல் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். மூணாவது, −3 − (−5), இத ஒரு எண் கோடு வரைஞ்சு காட்ட சொல்லுங்க. இந்த மூணுல எங்க தடுமாறுதோ அங்கிருந்து ஆரம்பிக்கிற கிளாஸ்தான் வேணும், போர்டுல ஏழாவதுன்னு போட்டிருந்தா என்ன அஞ்சாவதுன்னு போட்டிருந்தா என்ன.

டெமோ கிளாஸ பாத்து மயங்குறது அடுத்தது. டெமோவுக்குன்னே தனியா ஆள் வச்சிருக்கிற எடம் இருக்கு, ஒரு புதிர், ரெண்டு அனிமேஷன், பிள்ளைக்கு நாலு தடவை "சூப்பர்", முடிஞ்சதும் நமக்கு ஒரு போன் கால், "உங்க பொண்ணு ரொம்ப பிரைட் மேம், இன்னைக்கே சேந்தா ஆஃபர்"னு. டெமோ வேணாம்னு சொல்லிட்டு, நடந்துட்டு இருக்கிற ஒரு சாதா கிளாஸ்ல, பாடத்தோட நடுவுல, ஒரு நாள் உக்காந்து பாக்க விடுங்கன்னு கேளுங்க, எங்க பிள்ளைக்கு யார் எடுக்கப்போறாங்களோ அவங்க கிளாஸ்லயே. விடமாட்டோம்னு சொன்னா நான் அடுத்த எடம் பாத்துப்பேன்.

உக்காந்து பாக்கும்போது என்ன பாக்கணும்னா, தப்பு வர்ற அந்த ஒரு நிமிஷத்த. ஒரு பையன் 2/3 + 1/4 = 3/7ன்னு போடுறான்னு வைங்க. ஒரு மிஸ் "நோ நோ, எல்சிஎம் எடுக்கணும், 12, 8/12 கூட 3/12, 11/12, எல்லாரும் எழுதிக்கோங்க, புரிஞ்சுதா"ன்னு கேப்பாங்க, எல்லாரும் தம்ஸ் அப் போடுவாங்க, முடிஞ்சது. இன்னொரு மிஸ் "2/3ங்கிறது அரைய விட ஜாஸ்தியா கம்மியாப்பா?"ன்னு கேப்பாங்க. ஜாஸ்தி. "3/7?" கொஞ்சம் யோசிச்சுட்டு, கம்மி. "அப்ப 2/3 கூட இன்னும் கொஞ்சம் சேத்ததுக்கு அப்புறம் எப்படிப்பா குறைஞ்சுது?" அவ்வளவுதான், பையன் அவனே அழிச்சிட்டு திரும்ப ஆரம்பிப்பான். இதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகும், போர்ஷன் கொஞ்சம் மெதுவாத்தான் போகும், ஆனா நான் காசு குடுக்கிறதே அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான். 25 பேர் இருக்கிற கிளாஸ்ல எவ்வளவு நல்ல டீச்சரா இருந்தாலும் அந்த ரெண்டு நிமிஷம் கிடைக்காது, ஆறேழு பேருக்கு மேல இருந்தா எனக்கு யோசனைதான்.

இப்ப எல்லாத்தையும் விட பெரிய தப்புக்கு வர்றேன், இத யாரும் கேக்கிறதே இல்ல: பிள்ளையோட நோட்ட யார் பாக்கிறாங்க? நிறைய எடத்துல ஹோம்வொர்க்னா ஆப்ல வர்ற நாலு ஆப்ஷன் குவிஸ், தட்டினா பச்சை டிக், வாரக்கடைசில 92 பெர்சன்ட்னு ரிப்போர்ட், நமக்கும் சந்தோஷம். ஆனா நோட்ட திறந்து பாத்தா 3x + 5 = 20ங்கிற கணக்குக்கு "20 − 5 = 15 ÷ 3 = 5"ன்னு ஒரே வரில எழுதி வச்சிருக்கும். விடை 5, சரி, ஆப் டிக் குடுத்துடுச்சு. ஆனா எழுதினது தப்பு, 20 − 5ங்கிறது 15 ÷ 3க்கு சமமே கிடையாது, ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 5. இந்த பழக்கத்தோட ரெண்டு பக்கமும் x வர்ற சமன்பாட்டுக்கு போனா ஒரு வரி கூட நகராது, அப்ப வந்து "எட்டாவது மேத்ஸ் ரொம்ப கஷ்டம்"னு சொல்லுவோம். கஷ்டம் ஆறாவதுலயே ஆரம்பிச்சிருக்கும், யாரும் நோட்ட பாக்கல. வாரத்துக்கு ஒரு தடவையாவது கையால எழுதினத போட்டோ எடுத்து அனுப்பி, அதுல டீச்சர் கைப்பட வரி வரியா திருத்தி அனுப்புற கிளாஸா பாருங்க. சேர்றதுக்கு முன்னாடியே, பேர மறைச்சிட்டு, திருத்தின ஒரு நோட் பக்கத்த காட்ட சொல்லலாம், நல்லா எடுக்கிறவங்க சந்தோஷமா காட்டுவாங்க.

அபாகஸ், வேதிக் மேத்ஸ் பத்தியும் சொல்லணும். வேகமா கூட்ட பெருக்க அது உதவும், பிடிச்சிருந்தா போகட்டும், ஆனா அதையே மேத்ஸ் கிளாஸ்னு கணக்கு வச்சுக்காதீங்க. விகிதம், அல்ஜீப்ரா, ஏன்னு விளக்குறது, இதெல்லாம் அந்த கிளாஸ்ல பெரும்பாலும் வராது.

எந்த பரீட்சைன்னு யோசிக்காம சேக்குறதும் ஒரு தப்புதான், ஆனா ஆறாவதுல இதுக்காக தூக்கத்த கெடுத்துக்க வேணாம். என்ஐஓஎஸ்ல, அதாவது ஸ்கூலுக்கு போகாமலே பரீட்சை எழுத விடுற மத்திய அரசோட திறந்தநிலை போர்டுல, பத்தாவது எழுத குறைஞ்சது 14 வயசு ஆகணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை வருது, அதனால அவசரப்பட்டு ஓட்டுற கிளாஸ் நமக்கு தேவையே இல்ல, இது நமக்கு இருக்கிற பெரிய சௌகரியம். ஐஜிசிஎஸ்இ, அதாவது கேம்பிரிட்ஜோட பத்தாவது லெவல் பரீட்சை பக்கம் போறதா இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அதுல 0580ங்கிற கோட் போட்ட மேத்ஸ் சிலபஸ்ல 2025லேர்ந்து ஒரு பேப்பர் கால்குலேட்டர் இல்லாம எழுதணும். அதனால "எங்க கிளாஸ்ல கால்குலேட்டர் ஃப்ரீயா யூஸ் பண்ணலாம்"னு ஏழாவது பிள்ளைக்கு சொல்ற எடம் வேணாம், பின்னமும் டெசிமலும் கையால வரணும்.

வெளிநாட்டு கிளாஸ் ஆசைப்பட்டு சேக்குறவங்க நேரத்த பாருங்க. அமெரிக்கால சாயங்காலம்னா நமக்கு விடிகாலை, அங்க காலைன்னா நமக்கு ராத்திரி, தூங்கி வழியுற பிள்ளைக்கு எவ்வளவு நல்ல கிளாஸா இருந்தாலும் ஏறாது. அதே மாதிரி பாஷை. தமிழ்லயே யோசிக்கிற பிள்ளைக்கு முழு இங்கிலீஷ் கிளாஸ்ல கணக்கு வராம போகாது, ஆனா கேள்வி கேக்க வாய் வராது, அதுதான் ஆபத்து. கணக்கு நடக்கும்போது தமிழ்ல கேட்டாலும் பதில் சொல்ற டீச்சர் கிடைச்சா விடாதீங்க.

காசு விஷயம். ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டாதீங்க, எவ்வளவு டிஸ்கவுன்ட் குடுத்தாலும். "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொல்லி ஓடிபி கேக்கிறப்போ அது நிறைய சமயம் உங்க பேர்ல எடுக்கிற லோன், பிள்ளை கிளாஸ நிறுத்தினாலும் லோன் நிக்காது. ஆன்லைன்ல பாடம் விக்கிற எட்-டெக் கம்பெனிங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க, ஆட்டோ டெபிட்ட தவிருங்கன்னு மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பர்ல பெத்தவங்களுக்கு அறிவிப்பு விட்டுச்சு. மாசாமாசம் கட்டுற கிளாஸா பாருங்க, ரீஃபண்ட் எப்படின்னு வாய்வார்த்தையா இல்லாம மெயில்ல வாங்கிக்கோங்க. ஏமாந்துட்டா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிட்டு புகார் குடுக்கலாம்.

கடைசியா, சேத்து விட்டதும் நாம செய்யுற தப்பு. சில அம்மா அப்பா பக்கத்துலயே உக்காந்து விடைய மெதுவா சொல்லிக் குடுப்பாங்க, டீச்சருக்கு பிள்ளை எங்க நிக்குதுன்னே தெரியாது. சிலர் கதவ சாத்திட்டு போயிடுவாங்க, கேமரா ஆஃப்ல இருக்கும், இன்னொரு டேப்ல கேம் ஓடும். கிளாஸ் நடக்கும்போது அதே ரூம்ல உங்க வேலைய பாருங்க, வாய திறக்காதீங்க, முடிஞ்சதும் "இன்னைக்கு போட்டதுல ஒரு கணக்க எனக்கு சொல்லிக் குடு"ன்னு கேளுங்க. ஆறு வாரம் கழிச்சும் ஒரு கணக்க கூட சொல்லிக் குடுக்க முடியலன்னா டீச்சர்கிட்ட நேரா பேசுங்க, அதுக்கப்புறமும் மாறலன்னா அந்த மாசத்தோட நிறுத்திட்டு வேற எடம் பாக்கலாம், நடு வருஷமாச்சேன்னு தயங்க வேணாம், ஹோம்ஸ்கூல்ல ஏதுங்க நடு வருஷம்.